டீசல் ஜெனரேட்டரா, கூரைச் சூரிய மின்சாரமா?

மின்தடையைச் சமாளிக்க எட்டு ஆண்டுகள் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த நான், மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை விற்றுவிட்டு, கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளையும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியையும் பொருத்தினேன். என் மனம் சூரிய மின்சாரத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புகை, இரைச்சல் பற்றி விளக்கத் தேவையில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற அச்சமும் என்னை முடிவெடுக்க வைக்கவில்லை. அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு இறங்கக்கூடும் என்று 1956-இல் அந்நாட்டு நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் கணித்தார்; அப்படியே நடந்தது. ஆனால் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை வந்தபின், 2018-இல் அந்நாடு பழைய உச்சத்தையும் தாண்டியது. எளிதில் கிடைத்த எண்ணெய் முதலில் தீர்கிறது, எஞ்சியதை எடுக்க மேலும் மேலும் உழைப்பும் ஆற்றலும் வேண்டியிருக்கிறது என்பதே இதில் நான் காணும் உண்மை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்க, சிறிய ஜெனரேட்டர் அதில் 3 யூனிட் அளவுக்கே மின்சாரமாகத் திருப்பித் தரும். அந்த 3 யூனிட்டுக்காக இயந்திரமும் தேய்கிறது. ஓடும் மணிநேரத்தைக் கணக்கிட்டு ஆயில் மாற்ற வேண்டும்; ஃபில்டர்களும் அதே கணக்கில்தான். குறைவாக ஓட்டினாலும் தப்பிக்க முடியாது. இரவில் இரண்டு மின்விசிறிகளுக்கும் சில விளக்குகளுக்கும் மட்டுமே ஓட்டிய காலத்தில், லோடு போதாமல் இயந்திரம் சரியாகச் சூடேறவில்லை. முழுதாக எரியாத எரிபொருள் சைலன்சர் இணைப்பு வழியே கரும்பிசுக்காகக் கசிந்து சுவரில் வழிந்தது. இன்னொரு முறை, பல மாதங்கள் தேங்கிக் கிடந்த டீசலில் நீர் சேர்ந்து, ஃபில்டரில் வழவழப்பான பாசி போன்ற படலம் அடைத்துக்கொள்ள, மிகத் தேவையான இரவில் ஜெனரேட்டர் கிளம்பவே இல்லை.

சூரியத் தகட்டில் அசையும் பாகமே கிடையாது. வெயில் ஏறுமுன் ஈரத்துணியால் தூசியைத் துடைப்பதும், நிழலைக் கண்காணிப்பதும்தான் என் வேலை. நிழலை அலட்சியப்படுத்தக் கூடாது: செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மரக்கிளையின் நிழல் தகட்டின் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி அந்த ஓரத்தின் அளவைவிடப் பன்மடங்கு குறைந்துவிடும், கிளையை வெட்டிய மறுநாளே வேறுபாடு தெரிந்தது. தகட்டின் திறன் ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதமே குறைகிறது. 25 ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் உற்பத்தி இருக்கும் என்றே தயாரிப்பாளர்கள் பொதுவாக உத்தரவாதம் தருகிறார்கள். நல்ல வெயில் நாளில் எனக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கிறது. அதையே ஜெனரேட்டரில் பெற 4 லிட்டர் டீசல் எரிக்க வேண்டும், மறுநாள் மீண்டும் 4 லிட்டர்.

பேட்டரியைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச என்னால் முடியாது. பல ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்பது இந்த வகைக்குப் பொதுவான கணக்கு. என் அனுபவமோ மூன்றே ஆண்டுகள். இன்வெர்ட்டரைத் தகடுகளின் ஆயுளுக்குள் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும், ஏனெனில் அது பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளே உழைக்கும். பெரிய மோட்டார்களை அடிக்கடி இயக்குபவர்களுக்கும், நாள்கணக்கில் மின்சாரம் வராத இடங்களில் உயிர்காக்கும் கருவிகளை நம்பியிருப்பவர்களுக்கும் ஜெனரேட்டரைக் கைவிடுமாறு நான் சொல்ல மாட்டேன். தொடர்ந்து மேகம் மூடிய நாட்களில் எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடாது. தண்ணீர் மோட்டாரை நண்பகலை ஒட்டி மட்டுமே போடுகிறோம். மூன்று ஆண்டுகளில் நாங்கள் விட்டுக்கொடுத்தது இவ்வளவுதான்.