தக்கலை ஹோமியோ கிளினிக்: வயிற்று உப்புசத்துக்காகப் போனேன், தைராய்டு மாத்திரையை நிறுத்தவில்லை

எனக்கு ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற நோய். 6 வருடமாகத் தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அதோடு வயிறும் சேர்ந்துகொண்டது. எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்ட ராத்திரி தூக்கமே கிடையாது.

முதலில் போன வேறொரு ஹோமியோ இடத்தில் எடுத்த எடுப்பிலேயே தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். சுரப்பி சுரக்காததைத்தான் அந்த மாத்திரை ஈடுகட்டுகிறது, நிறுத்தினால் மலச்சிக்கலே இன்னும் மோசமாகும்.

தக்கலை டாக்டர் அப்படி இல்லை. முதல் நாள் முக்கால் மணி நேரம் கேட்டார், தூக்கம், வியர்வை, உப்பா புளியா எது பிடிக்கும் என்று என்னென்னவோ, அப்புறம் "தைராய்டு மாத்திரைய எதோட முழுங்குவீங்க?" என்றார். கட்டன் காப்பியோடு என்றேன். அங்கேதான் பிடிபட்டது. காப்பி அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி, நானாக வாங்கிக் குடித்த ஆன்டாசிட், கால்சியம், இரும்பு மாத்திரை எல்லாம் 4 மணி நேரம் தள்ளி. இத்தனை வருடம் இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை!

என் தைராய்டு டாக்டரிடம் சொல்லி சீலியாக் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். கோதுமை ஒத்துக்கொள்ளாத அந்த நோய் ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருமாம். சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன்பே எடுக்க வேண்டும், நிறுத்திவிட்டு எடுத்தால் ரிசல்ட் தப்பாக வரலாம். எனக்கு இல்லை என்று வந்தது.

2 மாதத்தில் டிஎஸ்எச், அதாவது தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற அளவு, 8.6-லிருந்து 3.2-க்கு வந்தது, வயிறும் பெரும்பாலும் சரி. வெள்ளை உருண்டைகளையும் தவறாமல் சாப்பிட்டேன், ஆனால் குணம் தந்தது காப்பியை மாற்றியதுதான் என்று நினைக்கிறேன். அந்த உருண்டைகளின் வீரியம் 30சி, அப்படியென்றால் நூறில் ஒரு பங்காக 30 தடவை கரைத்தது, அதில் மூலப்பொருள் மிஞ்சவே வழியில்லை. அவர் கேட்ட கேள்விகளுக்காகத்தான் 4 நட்சத்திரம். ஒன்று குறைத்தது, மருந்து பாட்டிலில் பெயர் எழுதாமல் தருவதற்கு. கேட்டால் எழுதித் தருகிறார், கேட்டு வாங்குங்கள். பழைய டிஎஸ்எச் ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள், எல்லாவற்றையும் உட்கார்ந்து வாசிக்கிறார்.