வேலூர்ல ஒரு நாள் பிரான்சைஸ் கிளாஸ்: காலைல போகாதீங்க, மதியம் விடாதீங்க

பிரான்சைஸ்னா ஒரு கம்பெனியோட பிராண்டு பேர்ல நாம காசு போட்டு கடை நடத்துறது. அதைப் பத்தின கிளாஸ் காட்பாடி ரோட்டுல ஒரு ஓட்டல் ஹால்ல நடந்துச்சு, நடத்துனவங்க பேரு வேணாம். காலைல முழுக்க விளம்பரம்தான், பெரிய பிராண்டு, ரெடி கஸ்டமர், போட்ட முதல் சீக்கிரம் வந்துடும்னு. ராயல்டி, அதாவது பிராண்டு பேருக்காக கம்பெனிக்கு நாம தொடர்ந்து கட்டுற பங்கு, லாபத்துலயா மொத்த விற்பனைலயான்னு ஒரு அண்ணன் கேட்டாரு, அப்புறம் பேசலாம்னு தள்ளிட்டாங்க. எனக்கு அங்கயே கோவம் வந்துடுச்சு, ஏன்னா பெரும்பாலும் விற்பனைலதான் எடுப்பாங்க, அப்போ வேலூர் ஆபீசர்ஸ் லைன் மாதிரி கடைத்தெருல வாடகை ஏறி, ஆள் சம்பளம் ஏறி நாம நஷ்டத்துல ஓட்டுனாலும் கம்பெனிக்கு காசு போய்ட்டேதான் இருக்கும்.

மதியம் ஒரு பேராசிரியர் மேடம் வந்தாங்க, கட்டுன ஃபீஸ் அவங்களுக்கே தகும். பிரான்சைஸ் ஆராய்ச்சி ரொம்ப வருஷமா கம்பெனி பக்கம் நின்னுதான் கேள்வி கேட்டுச்சாம். 1960கள் கடைசில ஆக்சன்ஃபெல்ட், கெல்லினு ரெண்டு பேர், கம்பெனிகிட்ட முதலும் ஆளும் பத்தாதப்போ கடைய வெளில குடுக்கும், வளந்ததும் நல்லா ஓடுற கடைங்கள திரும்ப எடுத்துக்கும்னு எழுதுனாங்க. அப்புறம் ஏஜென்சி தியரி, சம்பளத்துக்கு இருக்குற மேனேஜரை விட சொந்தக் காசு போட்டவன் கடையை நல்லா பாத்துப்பான், கண்காணிக்கிற செலவு மிச்சம்னு. சரிதான், ஆனா காசு போட்டவன் எதை நம்பி வந்தான், ட்ரெய்னிங் சொன்ன மாதிரி கிடைச்சுதா, ஏன் பாதில விட்டுட்டு போனான், இதையெல்லாம் ரொம்ப நாள் கழிச்சுதான் கேக்க ஆரம்பிச்சாங்க, அதுவும் அமெரிக்கா, ஐரோப்பா கடைங்கள வெச்சுதான் நிறைய.

அமெரிக்கால கையெழுத்துக்கு 14 நாள் முன்னாடியே கம்பெனி விவரமெல்லாம் எழுத்துல குடுக்கணும், சமீபத்துல விட்டுட்டு போனவங்க பேரு உட்பட. இங்க பிரான்சைஸுக்குன்னு தனி சட்டமே இல்ல, நாமதான் தேடிப் போய் பழைய கடைக்காரங்கள கேக்கணும். இன்னொன்னு கட்டாயம் தெரிஞ்சுக்கோங்க, டொமினோஸ் பீட்சா இந்தியால ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ்ங்குற கம்பெனி கைல இருக்கு, கடைங்கள அவங்களே நடத்துறாங்க, வெளி ஆளுக்கு குடுக்குறதில்ல. வாங்கித் தரேன்னு எவனாவது அட்வான்ஸ் கேட்டா குடுத்துடாதீங்க.

குறைன்னா, காட்டுன பேப்பரெல்லாம் இங்கிலீஷ். குடியாத்தம், ஆற்காடுலேர்ந்து வந்த கடைக்காரங்க பாவம் முழிச்சிட்டு இருந்தாங்க, தமிழ்ல நாலு பக்கம் அச்சடிச்சு குடுக்கலாம். சாப்பாடு பரவால்ல. திரும்ப நடத்துனா மதியத்துக்குப் போங்க, அக்ரிமெண்ட் காப்பி இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க, மேடம் பொறுமையா படிச்சுப் பார்த்து சொல்றாங்க.