படகுத்துறை பிராஜெக்ட்: பிடிடிஎல்லா, கிளிங்கோவா?

தானியங்கித் திட்டமிடலை, அதாவது இலக்கை அடைய எந்தச் செயலை எந்த வரிசையில் செய்வது என்ற பிளானைக் கணினியே கண்டுபிடிப்பதை, பிராஜெக்ட்டாக எடுக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து மாணவர் குழுக்கள் கட்டைகளை அடுக்கும் அந்தப் பழைய உதாரணத்தையே தேய்க்க வேண்டாம். கன்னியாகுமரி படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. துறை, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை என்று மூன்று இடம். குகன், பொதிகை, விவேகானந்தா என்று மூன்று படகு. ஏற்று, ஓட்டு, இறக்கு என்று மூன்று செயல். இதை 1998-இல் முதல் திட்டமிடல் போட்டிக்காக உருவான பிடிடிஎல் என்ற திட்டமிடல் மொழியில் எழுதி, ஃபாஸ்ட் டவுன்வார்டு என்ற பிளான் தேடும் மென்பொருளில் ஓட்டலாம். இல்லையென்றால் தர்க்க விதிகளாக எழுதி, அவற்றுக்குத் தீர்வு தேடும் கிளிங்கோ என்ற மென்பொருளிடம் கொடுக்கலாம். நாலு பேர் ஒரு செமஸ்டரில் முடிக்கிற வேலைக்கு நம் ஓட்டு பிடிடிஎல்லுக்குத்தான்.

நிறுவுவதில் கிளிங்கோ முந்தும். பைத்தானும் பிப்பும் இருந்தால் ஒரே வரி. ஃபாஸ்ட் டவுன்வார்டுக்கு சிமேக், சி பிளஸ் பிளஸ் கம்பைலர் எல்லாம் வேண்டும். வேகத்தில் எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எடுத்த கணக்கைப் பொறுத்தது.

உண்மையில் பார்க்க வேண்டியது, பாதியில் மாற்றம் வந்தால் எது உடையும் என்பதைத்தான். முதல் ரிவியூவிலேயே "கண்ணாடிப் பாலம் எங்கேப்பா?" என்று கேட்பார்கள். 2024 டிசம்பர் 30-இல் திறந்த பாலம், 77 மீட்டர். பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே போகலாம். பிடிடிஎல்லில் ‘நட’ என்று ஒரு செயல் சேர்த்தால் போதும். நிபந்தனை: பயணிகள் குழு ஓரிடத்தில் இருக்கிறது, அங்கிருந்து மற்ற இடத்துக்குப் பாலம் உண்டு. விளைவு: பழைய இடத்தில் இல்லை, புது இடத்தில் இருக்கிறது. மற்ற மூன்று செயலிலும் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். விளைவில் சொல்லாதது அப்படியே நீடிக்கும் என்பது அந்த மொழிக்குள்ளேயே இருக்கிறது. 1971-இல் ஸ்ட்ரிப்ஸ் என்ற பழைய திட்டமிடல் நிரல் போட்ட வழி.

கிளிங்கோவில் அந்த ‘நீடிக்கும்’ விதியை நாமே எழுத வேண்டும். ‘இல்லை என்று ஆகாதவரை, முந்தைய படியில் இருந்தது இப்போதும் இருக்கும்’ என்று பொதுவாக எழுதினால் சிக்கலில்லை. பலர் எழுதுவதோ, ‘படகில் ஏறாத குழு அதே இடத்தில் இருக்கும்’ என்று. பாலம் வந்ததும், நடந்துபோன குழு சிலையிலும் நிற்கும், பாறையிலும் நிற்கும். அதுதான் படகில் ஏறவே இல்லையே! ‘ஒரு குழு, ஒரு நேரம், ஓரிடம்’ என்ற தடை விதியும் இருந்தால் நடப்பதே முடியாத காரியமாகிவிடும். கடல் நீர்மட்டம் தாழ்ந்து சிலைக்குப் படகு போகாத நாளை ஓட்டிப் பாருங்கள்: ‘அன்சாட்டிஸ்ஃபையபிள்’ (தீர்வு இல்லை) என்று ஒற்றைச் சொல் வரும், காரணம் வராது. பிளானுக்கு இத்தனை படி என்று கிளிங்கோவுக்கு நாம் தரும் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அதே சொல்தான். ஆகவே முதலில் படியைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தடை விதிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிடிடிஎல்லிலும் சறுக்கல் உண்டு. ‘ஓட்டு’ செயலில் ‘பழைய இடத்தில் இல்லை’ என்பதை மறந்தால் படகு துறையிலும் பாறையிலும் ஒருசேர நிற்கும். எர்ரர் வராது, பிளான் மட்டும் குட்டையாக வரும். சோதிக்கச் சின்னக் கணக்கு: படகும் ஒரு குழுவும் துறையில், இன்னொரு குழு பாறையில், இரண்டு குழுவும் இடம் மாற வேண்டும். சரியான பிளான் 6 படி. 5 வந்தால் இந்தத் தப்புதான். திரும்பி ஓட்டாமலே இரண்டாம் குழு துறையில் இறங்கியிருக்கும். பிளானே வராவிட்டால் கையால் ஒரு பிளான் எழுதி வால் என்ற சரிபார்ப்புக் கருவியில் விவரமாகக் காட்டச் சொல்லி ஓட்டுங்கள். எத்தனையாவது படியில் எந்த நிபந்தனை இடிக்கிறது என்று சொல்லிவிடும். கைப்பிளானைக் கிளிங்கோவுக்குக் கொடுத்தால் திரும்பவும் அந்த ஒற்றைச் சொல்தான்.

நீர்மட்டம் தாழ்ந்த நாளுக்கு பிடிடிஎல்லின் பிராப்ளம் ஃபைலில் (இடங்கள், தொடக்க நிலை, இலக்கு இருக்கும் ஃபைல்) துறை–சிலை படகு வழியை அழித்தால் போதும், டொமைன் ஃபைல் (செயல்கள் இருக்கும் ஃபைல்) அப்படியே இருக்கும். இரண்டு பேர் டொமைன், ஒருவர் பிராப்ளம் ஃபைல்களை உருவாக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட், ஒருவர் வால் என்று வேலையைப் பிரிக்கவும் இது வசதி. (கிளிங்கோவிலும் பிரிக்கலாம்தான்.)

எண்ணிக்கை என்று வந்தால் கிளிங்கோவை அடிக்க முடியாது. படகுக்கு 150 பேர் என்பது அதில் ஒரு வரி. ஃபாஸ்ட் டவுன்வார்டோ செயலின் செலவைத் தவிர வேறு எண்களை ஏற்காது. 25 பேரை ஒரு குழுவாக்கி, படகில் எத்தனை குழு என்பதைக் குறிக்க 0 முதல் 6 வரை ஏழு பொருட்களை வரிசையாகச் சங்கிலி போட்டு ஒப்பேற்ற வேண்டும். யாருக்கு எந்தப் படகு என்று ஒதுக்குவதுதான் தலைப்பு என்றால் கிளிங்கோவுக்கே போய்விடுங்கள்.

இன்னொன்று: குழுக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் எண்ணிக்கை கூடக் கூட ஏ-ஸ்டார் (மிகக் குறைந்த செலவுப் பிளானைத் தேடும் முறை) திணறும், அப்போது ஃபாஸ்ட் டவுன்வார்டில் லாமா-ஃபர்ஸ்ட் (ஏதோ ஒரு பிளானைச் சீக்கிரம் தரும் முறை) போடுங்கள். வைவாவில் "இதுதான் மிகக் குறைந்த படியா?" என்று கேட்டால் அந்த பிளானுக்கு உத்தரவாதம் இல்லை. ஐந்தாறு குழுவோடு ஏ-ஸ்டாரும், அதற்கு மீதிச் செலவை மதிப்பிட்டுத் தரும் எல்எம்-கட்டும் வைத்து ஓட்டிய முடிவைத் தனி அட்டவணையாகக் கையில் வைத்திருங்கள்.