ஸ்பிதி பனிக்கு நாங்கள் வாங்கிய டயர் செயின்: எது உழைத்தது, எது அறுந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குச் சொந்த வண்டியில் போக நினைப்பவர்கள் ரூஃப் ரேக், பார் லைட் என்று எதிலும் காசு போடுவதற்கு முன்னால் பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுகிற நல்ல இரும்புச் செயினை நான்கு சக்கரத்துக்கும் வாங்குங்கள். வாங்கியதை டிக்கியில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், வீட்டு வாசலிலேயே பத்து தடவையாவது மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

போன பிப்ரவரியில் தில்லியிலிருந்து எட்டுப் பேர் நான்கு வண்டிகளில் கிளம்பினோம். இரண்டு மாருதி ஜிம்னி, இரண்டு மஹிந்திரா தார் (டீசல்). குளிர்காலத்தில் மணாலி பக்கம் வழி கிடையாது, 4,551 மீட்டர் உயரத்தில் இருக்கிற குன்ஸும் கணவாய் பனியில் மூடிக் கிடக்கும். அதனால் சிம்லா, ராம்பூர், கல்பா, நாக்கோ, தாபோ வழியாகத்தான் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவுக்குப் போக முடியும். முதலில் சத்லஜ் ஆற்றையும் பிறகு ஸ்பிதி ஆற்றையும் ஒட்டி ஏறுகிற பாதை இது. பெரும்பாலும் நல்ல தார்ச்சாலைதான், அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் காய்ந்த ரோட்டில் நிம்மதியாக வந்துகொண்டிருப்போம், மலை நிழல் விழுகிற ஒரே ஒரு வளைவில் கண்ணாடி மாதிரி பனி உறைந்து கிடக்கும், ரோட்டின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

எங்கள் குழுவில் ஒரு நண்பர் கடைசி வரை "ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எதற்கப்பா செயின்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிறையப் பேருக்கு இந்த எண்ணம் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும், மேடு ஏற்றும். நிறுத்துவது பிரேக், பிரேக் எந்தக் காருக்கும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. பனிக்கட்டியில் ரப்பருக்குப் பிடிமானம் இல்லையென்றால் ஜிம்னியும் ஒன்றுதான் ஆல்டோவும் ஒன்றுதான். இறக்கத்தில் ஃபோர் லோ (நான்கு சக்கரத்தையும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழற்றும் கியர் நிலை) போட்டு முதல் கியரில் இன்ஜின் பிரேக்கில் இறங்கினால் பெரிய உதவி, ஆனால் சக்கரம் சறுக்க ஆரம்பித்துவிட்டால் அதுவும் கை கொடுக்காது.

சரி, செயினுக்கு வருவோம். நாங்கள் மூன்று வகை வாங்கினோம், விலைக்குத் தகுந்தபடி ஆளுக்கொரு முடிவு.

முதலாவது, ஆன்லைனில் "எல்லா எஸ்யூவிக்கும் பொருந்தும்" என்று போட்டு விற்கிற பிளாஸ்டிக் பட்டை. பத்துப் பட்டை ஒரு பையில் வரும், ஒவ்வொன்றாக டயரைச் சுற்றி இறுக்க வேண்டும். மாட்டுவது மிகச் சுலபம், அதில் மயங்கித்தான் ஒரு தார்க்காரர் வாங்கினார். நாக்கோ தாண்டி மல்லிங் ஓடைக்குப் பக்கத்தில் ஏற்றத்தில் முதல் பட்டை அறுந்தது, அடுத்த இருநூறு மீட்டருக்குள் இன்னும் மூன்று. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய், வளைக்கிற இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்து உடைகிறது. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், பிஸ்கட் மாதிரி இருந்தது. மேலே கல் உருளும் இடம், கீழே பள்ளத்தாக்கு, நடுவில் வண்டி பின்னால் சறுக்கப் பார்க்கிறது. அந்த நாலு நிமிடத்தை இன்னொருவர் அனுபவிக்கக் கூடாது என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். விற்றவர்களுக்கு எழுதினால் திருப்பி எடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. ஒரு ரூபாய்கூட இதற்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஏணிப்படி மாதிரி குறுக்குச் சங்கிலிகள் மட்டும் உள்ள செயின். இமாச்சலில் டாக்ஸிக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். விலை குறைவு, உறுதியாக உழைக்கும், நேராக ஏறும்போது நன்றாகவே பிடிக்கிறது. குறை என்னவென்றால், இரண்டு குறுக்குச் சங்கிலிக்கு நடுவில் வெறும் ரப்பர்தான் தரையைத் தொடுகிறது. அதனால் ஓட்டும்போது தட தடவென்று அதிர்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் சாய்வான வளைவில் வண்டி பக்கவாட்டில் வழுக்குவதை இது அவ்வளவாகத் தடுப்பதில்லை.

மூன்றாவது, டயர் மேல் சாய்சதுர வலை மாதிரி விழுகிற டைமண்ட் செயின். என் ஜிம்னிக்கு இதைத்தான் வாங்கினேன், ஜோடி ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டு ஜோடி. சக்கரம் எந்த இடத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு சங்கிலிக் கண்ணி பனியைக் கவ்விக்கொண்டே இருக்கும். நேராகவும் பிடிக்கும், பக்கவாட்டிலும் பிடிக்கும். காஸாவிலிருந்து லாங்ஸா ஊருக்கு ஏறுகிற பாதையில், ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில், முதல் நாள் பெய்த பனி இறுகிக் கிடந்த கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஒரு தடவைகூட விலகவில்லை. இறங்கும்போது நடுவில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன், நின்றது.

இப்போது மாட்டுகிற விஷயம். இதுதான் இந்தப் பொருளின் உண்மையான கஷ்டம், எந்த விளம்பரத்திலும் இதைக் காட்ட மாட்டார்கள். அடுக்குமாடி பேஸ்மென்டில் முதல் தடவை ஒரு சக்கரத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. டயருக்குப் பின்னால் கையை விட்டு உள்வளையத்தின் இரண்டு முனையையும் கண்ணால் பார்க்காமலே கோத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் முன்பக்கக் கொக்கி, அதற்குப் பிறகு இழுத்து முறுக்கும் சங்கிலி. சிக்கலில்லாமல் விரிப்பதே பாதி வேலை. நாலைந்து வார இறுதிகள் பழகியதும் எட்டு நிமிடத்துக்கு வந்தேன். அந்தப் பழக்கம் இல்லாமல் மல்லிங்கில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. அங்கே கம்பளிக் கையுறையோடு கொக்கி பிடிபடவில்லை, கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகிறது, ஈரக் கையோடு தொட்டால் இரும்பு தோலில் ஒட்டிக்கொள்கிறது. மெல்லிய ரப்பர் பூச்சுள்ள வேலைக் கையுறை, மண்டியிட ஒரு பழைய யோகா மேட், நெற்றியில் கட்டுகிற லைட் இந்த மூன்றையும் செயின் பையிலேயே சேர்த்து வையுங்கள்.

மாட்டியதும் கிளம்பிவிடக் கூடாது. நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும். முதல் இறுக்கம் கட்டாயம் தளரும், தளர்ந்த செயின் வீல் ஆர்ச்சில், அதாவது சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடியில், அடித்து உள்ளே இருக்கும் பிரேக் குழாயைக்கூடப் பதம் பார்த்துவிடும். வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். பனி முடிந்து காய்ந்த தார்ச்சாலை வந்தால் கழற்றியே ஆக வேண்டும், சோம்பலில் ஓட்டினால் சங்கிலியும் தேயும் ரோடும் கெடும். ஒரு நாளில் மூன்று தடவை மாட்டிக் கழற்றினோம். அலுப்புதான், வேறு வழியில்லை.

அளவு விஷயத்தில் கவனம். ஜிம்னிக்கு டயர் 195/80 ஆர் 15, அந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அகல டயர் மாற்றியவர்கள் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, செயினுக்கும் உள்பாகங்களுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் இன்னொரு தாரில் இடம் போதவில்லை, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் பழைய டயரையே திரும்பப் போட்டார்.

கூட்டமாகப் போவதால் பொருளை எப்படிப் பிரித்துக்கொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். செயின், மண்வெட்டி, கம்பளி, ஒரு நாள் சாப்பாடு இவை எல்லா வண்டியிலும் இருந்தன, ஏனென்றால் நடுவில் பனிச்சரிவு விழுந்து வண்டிகள் பிரிந்துவிட்டால் அடுத்த வண்டியில் இருக்கும் பொருளால் பயனில்லை. இழுவைக் கயிறும் அதை வண்டியோடு பிணைக்கிற இரும்பு வளையமான ஷேக்கிளும் முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும். காற்றடிக்கும் பம்ப் இரண்டு. வாக்கி டாக்கி நான்கு வண்டிக்கும், உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வகை. மலை வளைவு குறுக்கே வந்தால் சத்தம் அறுந்துவிடும், இருந்தாலும் "எதிரே லாரி வருது, நில்லு" என்று சொல்ல அது போதும். பனி ஏற்றத்தில் ஒரு வண்டி மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்ப வேண்டும் என்று தில்லியிலேயே பேசி வைத்திருந்தோம். மல்லிங்கில் தார் பின்னால் சறுக்கியபோது அதன் பின்னால் யாரும் இல்லாததற்கு அதுதான் காரணம்.

வண்டிக்குச் செய்த மற்ற வேலைகளில் மிகவும் பயன்பட்டது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே வரை தாங்கும், வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கண்டிப்பாக மாற்ற வேண்டும். கண்ணாடி கழுவுகிற தண்ணீருக்கும் உறையாத திரவம் வேண்டும். டீசல் வண்டிக்கு உறைவதைத் தடுக்கும் கலவையை டீசல் கெட்டியாவதற்கு முன்பே ஊற்றிவிட வேண்டும், பிறகு ஊற்றிப் பயனில்லை. பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் புதிதாகப் போடுங்கள், கடுங்குளிரில் அதன் சக்தி பாதியாகிவிடும். ராத்திரி ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, காலை வெயில் முதலில் விழுகிற பக்கம் பார்த்து நிறுத்தினோம். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் காஸாவில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா. வெயில் எந்தச் சுவரில் முதலில் படும் என்று கையைக் காட்டினார், மறுநாள் எட்டரைக்கு அங்கேதான் விழுந்தது.

ஊர் திரும்பியதும் செயினை வெந்நீரில் கழுவி, காய வைத்து, எண்ணெய் தடவி எடுத்து வைத்தேன். இரண்டு கண்ணிகளில் லேசான தேய்மானம் தவிர வேறு குறை இல்லை. பிளாஸ்டிக் வாங்கிய நண்பரும் இப்போது தார் அளவுக்கு டைமண்ட் சொல்லிவிட்டார். வாங்குவதாக இருந்தால் அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள், டிசம்பர் பிறந்துவிட்டால் சரியான அளவு கிடைப்பது கஷ்டம், பழகுவதற்கும் நாள் இருக்காது.