தரையா, பையா? பங்குனி வெயிலில் ஒரு வீட்டுத்தோட்டக் கணக்கு

எங்கள் யாழ்ப்பாணத்து வளவில் மண் நிரப்பிச் செடி நட்ட பைகள் இப்போது இருபத்திரண்டு இருக்கின்றன. 2022 இல் அறுபது இருந்தன. ஏன் குறைந்தன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பையைத் திட்டுவது நோக்கமல்ல.

அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தளர்த்தியிருந்தார்கள். பிறகு டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றது அரசாங்கம். முற்றம், மதிலோரம், மொட்டை மாடி என்று எங்கு பார்த்தாலும் பை வைத்தார்கள். நானும் அரிசிப் பை, உரப்பை, பெயின்ற் வாளி என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றிலும் மண் நிரப்பினேன். பக்கத்திலேயே நான்கு பாத்தியும் கட்டினேன். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் இரண்டு இடத்திலும் நட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போய்விட்டது.

மாரியில் எதுவும் வளரும். யாழ்ப்பாணத்துக்கு வருகிற மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். சோதனை மாசிக்குப் பிறகுதான். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதை எழுதியவர் அந்த மாதங்களில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டிருக்க மாட்டார். ஆகவே மாசி முதல் வைகாசி வரையான நிலவரத்தை வைத்தே சொல்கிறேன். எங்கள் வளவு கோண்டாவில் பக்கம், செம்மண். உங்கள் மண் வேறானால் முடிவும் மாறும்.

தண்ணீர்

லீற்றர் கணக்குப் பார்த்தால் பைக்குத்தான் வெற்றி. ஒரு பைக்கு ஒரு நேரம் இரண்டு லீற்றர், நாளுக்கு இரண்டு நேரம், அறுபது பை: 240 லீற்றர். செடியின் காலடியிலேயே ஊற்றுவதால் வீண் போவது கொஞ்சம். பாத்திக்கு மோட்டர் போட்டு வாய்க்காலில் விட்டால், செடிக்குப் போகிற அளவு வாய்க்காலும் குடித்துவிடும்.

ஆனால் பை ஒரு நாளும் விடுமுறை தராது. அதன் மண் மேலால் மட்டுமல்ல, சுற்றிவரவும் காய்கிறது. கறுப்புப் பை என்றால் மத்தியானம் கை வைக்க முடியாத சூடு. உள்ளே வேர் அவிகிறது. செம்மண் பாத்திக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, நல்ல மூடாக்கு (மண் காயாமல் மேலே பரப்பும் ஓலை, சருகு) இருந்தால் நான்கு நாளுக்கு ஒருமுறை இறைத்தாலே போதும். அந்தப் பங்குனியில் ஒரு கலியாண வீட்டுக்காக வவுனியா போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தேன். பாத்தியில் கத்தரி கொஞ்சம் சோர்ந்து நின்றது, மாலை இறைத்ததும் நிமிர்ந்துவிட்டது. பையில் நின்ற தக்காளியில் பாதி கருகிப்போயிருந்தது.

அயல்வீட்டு அப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, மாடு கட்டி வச்சிருக்கிற மாதிரி ரெண்டு நேரமும் தண்ணி காட்டுறாய்?" என்றார். கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி.

சரி, அப்படியென்றால் தரைக்கு மோட்டரைப் போட்டு விட்டுக்கொண்டே இருக்கலாமா? அதுவும் முடியாது. எங்களுக்கு ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் எல்லாமே கிணறுதான். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர், கடலிலிருந்து ஊறி வந்த உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால்தான் பயம்: மேலே ஓர் அடி குறைய, கீழேயிருந்து உவர்நீர் பல அடி ஏறப் பார்க்கும். துலாவில் பட்டை கட்டி இறைத்த காலத்தில் ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவல். மோட்டருக்குக் களைப்பில்லை. ஆகவே தரையில் நடுகிறவர் மூடாக்கைக் கட்டாயம் போட வேண்டும். பங்குனியில் வேலி அடைக்கும்போது கழிகிற பழைய ஓலையை எரிக்காமல் பாத்தியில் பரப்புங்கள். பொலித்தீன் விரிப்பும் வாங்கிப் பார்த்தேன். கோரைப்புல் அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓலைக்குள்ளாலும் கோரை வரும்தான். ஆனால் உழவாரத்தோடு போய் உட்கார்ந்து கிழங்கோடு கிண்டி எடுக்கலாம்.

சொட்டுநீர்க் குழாய் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் தண்ணீருக்கு அதன் துளைகள் விரைவில் அடைபடும். அடிக்கடி கழற்றிக் கழுவப் பொறுமை இருந்தால் போடுங்கள். எனக்கு இல்லை.

மண்ணும் உப்பும்

துளை ஏன் அடைபடுகிறது என்று அறியக் கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு. கேத்திலில் நடப்பதுதான் பையிலும் நடக்கிறது. நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிறது, செடி குடிக்கிறது. அதில் இருந்த சுண்ணாம்பும் உப்பும் மட்டும் மண்ணில் தங்கிவிடுகின்றன. பங்குனியில் பையின் மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்குத் தெரியும். பிறகு இலை நுனி கருகும். நான் முதலில் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றினேன். உப்புக் கூடியதுதான் மிச்சம்.

தரைப் பாத்தியிலும் இது சேரும். ஆனால் மாரி வந்து அதைக் கீழே கழுவிவிடுகிறது. திறந்த வெளியில் நின்ற பைகளையும் மழை கழுவியது. தாவாரத்துக்கு உள்ளே, நிழலுக்காக வைத்த இருபது பைகளில்தான் அடுத்த பருவம் எதுவும் உருப்படவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அடித்துளையால் தாராளமாக ஓடும்வரை தண்ணீர் விட்டால் பை மண் தெளியும். ஆனால் உப்போடு பசளையும் ஓடிவிடும், மறுபடி போட வேண்டும்.

தும்புத்தூளிலும் (தேங்காய்ப் பொச்சிலிருந்து வரும் தூள்) உப்பு இருக்கும். மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். மண், மக்கிய மாட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம அளவு என்பதே நான் இப்போது பிடிக்கிற கணக்கு. எரு மக்காமல் இருந்தால் பைக்குள் சூடு பிடித்துக் கன்று போய்விடும். தரையில் அந்தத் தவறை மண் கொஞ்சம் தாங்கும்.

தரையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. எங்கள் செம்மண் ஆழமாகத் தோன்றும். மண்வெட்டியை ஓங்கினால் இரண்டு இடத்தில் மண், மூன்றாவது இடத்தில் 'ணங்' என்று கல். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. குருத்திலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். யூரியா போட்டுப் பயனில்லை. மக்கிய எருவும் குழையும் வருடக்கணக்கில் சேரச் சேரத்தான் குறைகிறது. பையில் மண்ணை நீங்கள் விரும்பியபடி கலக்கலாம் என்பது பெரிய வசதிதான்.

பசளை

இந்த ஒப்பீட்டில் என் மனம் முழுக்கத் தரைப் பக்கம். பூவரசங்குழை, கிளிசரிடியாக் குழை, கறையான் தின்ற பனையோலை, தேங்காய்ப் பொச்சு எல்லாவற்றையும் கிடங்கு வெட்டித் தாட்டால், அடுத்த வருடம் அந்த இடத்து மண்ணைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். பொச்சு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பையில் இத்தனைக்கும் இடமேது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தரையில் கொட்டுகிற யூரியா கிணற்றுக்குப் போகும். மெல்லிய மண், அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல், தோட்டத்திலிருந்து இருபது அடியில் கிணறு. எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று (யூரியா மண்ணில் மாறி உண்டாகிற உப்பு) இருப்பது பல காலமாகப் பேசப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் அதை ஏற்கிறது. போத்தலில் பால்மா கரைத்துக் குடிக்கும் குழந்தைகளுக்காகவே முக்கியமாக அந்த எல்லை. பையிலிருந்து வடிவதும் நிலத்துக்குத்தான் போகும், ஆனால் பைக்கு நாம் கரண்டியால் போடுகிறோம், பாத்திக்குக் கையால் அள்ளி வீசுகிறோம்.

மற்றத் தொல்லைகள்

வெண்ணிற ஈக்குப் பையும் ஒன்று, பாத்தியும் ஒன்று. மிளகாய் இலை இரண்டிலும் சுருண்டது. கோழி பாத்தியைத்தான் கிளறும். வாடல் நோயில் பைக்கு நல்ல புள்ளி கொடுக்கலாம். கத்தரி ஒன்று திடீரென்று வாடினால் அந்தப் பையை மண்ணோடு தூக்கி அப்பால் வைத்துவிடலாம். பாத்தியில் அது மண்ணிலேயே தங்கி, அடுத்த பருவம் கத்தரியோ தக்காளியோ வைத்தால் மறுபடி வரும்.

பிறகு அந்த அரிசிப் பைகள். ஒரு வெயில் காலம் தாங்கின. அடுத்த சித்திரையில் ஒன்றைத் தூக்கினேன், காது கையோடு வந்தது, பை அங்கேயே இருந்தது. நூல் நூலாக உதிர்ந்த பிளாஸ்ரிக்கை இன்றைக்கும் பாத்தியில் பொறுக்குகிறேன். பையில் நடுவதானால் வெயில் தாங்கும் தடித்த பையோ வாளியோ பாருங்கள்.

யாருக்கு எது?

வாடகை வீடு, கொங்கிறீற் முற்றம், மாடி என்றால் பைதான், யோசிக்க ஒன்றுமில்லை. தீவுப் பகுதிகளில் கிணறு உவராக உள்ள வீடுகளிலும் பையையே சொல்வேன். மழைநீரைத் தொட்டியில் பிடித்தோ பவுசரில் வாங்கியோ வைத்திருப்பவர் அதைப் பாத்தி வாய்க்காலில் விட மாட்டார். பத்துப் பைக்கு அளந்து ஊற்றலாம். வடமராட்சிக் கரையோர மணலில் என் தங்கை வேறு வழி செய்கிறாள்: இரண்டு அடி கிடங்கு, அடியில் பொச்சு, மேலே எருவும் மணலும். பார்த்தால் தரை, நடப்பது பை மாதிரி. மணலுக்கு அதுவே சரி என்று நினைக்கிறேன்.

கிணறு நல்லதாக இருக்கிற செம்மண் வளவுக்காரர், தை மாதம் கன்றைத் தரையில் வையுங்கள். நான்கைந்து கிழமை நாற்று, மாலை நேரம், முதல் சில நாளைக்கு வாழைத்தடலை வளைத்து மேலே ஒரு குடை. மாசிக்குள் வேர் கீழே இறங்கிவிட்டால் பங்குனியைச் சமாளிக்கும். பங்குனியில்தான் நினைவு வந்தது என்றால் அவசரப்பட்டுக் கத்தரி வைக்காதீர்கள், கீரை விதையுங்கள்.

என் இருபத்திரண்டு பைகளும் குசினி வாசலில் நிற்கின்றன: பச்சை மிளகாய், புதினா, மல்லி, பொன்னாங்காணி. அரிசி கழுவிய தண்ணீரே அவற்றில் பாதிக்குப் போதும். கத்தரி, பயிற்றை, பூசணி எல்லாம் தரைக்குப் போய்விட்டன. போன கிழமை அப்பு நாலு புடோல் விதை தந்தார். "இதையும் சாக்குக்குள்ள போட்டிடாதை" என்றார். பந்தலுக்குக் கம்பு தேடிக்கொண்டிருக்கிறேன். காய் நேராகத் தொங்க நுனியில் கட்டுவதற்குக் கல் தேட வேண்டியதில்லை, கிடங்கு வெட்டிய இடத்தில் குவிந்து கிடக்கிறது.