கமிஷன் சரக்குக்குக் கணக்கு: ரொக்கத்தையும் கடனையும் கலக்காமல் வைத்துப் பழகிய அனுபவம்

விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். கமிஷன் சரக்கின் பேச்சு அவ்வளவுதான். வேலூரில் என் புடவைக் கடையில் பாதிக்கு மேல் இப்படி வந்த சரக்கு. ஆரணியிலிருந்து பட்டு, குடியாத்தத்திலிருந்து லுங்கி. நானே காசு கொடுத்து வாங்கி அடுக்கியதும் கொஞ்சம் உண்டு. (ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம். 1989-இல் வடாற்காடு பிரிவதற்கு முன் எல்லாம் ஒரே மாவட்டம்தான். வியாபாரம் மட்டும் பிரியவே இல்லை.) இந்தக் கணக்கை நோட்டு, மொபைல் ஆப், டேலி என்ற கணக்கு மென்பொருள் என்று மூன்றிலும் வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன். இதே மாதிரி கடை நடத்துகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வாடிக்கையாளர் இரண்டு வகை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குப் பக்கத்துக் குடும்பங்கள் ஊர் திரும்பும் முன் புடவை எடுப்பார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வந்தவர்களும் எடுப்பார்கள். இவர்களிடம் கடன் என்ற பேச்சே கிடையாது. ரொக்கம், இல்லாவிட்டால் யுபிஐ. உள்ளூர்க்காரர்கள் வேறு. நர்ஸ், டீச்சர், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் சம்பளத் தேதியை நம்பி எடுப்பார்கள். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அப்புறம் ஆடிக் கிருத்திகை என்று வரிசையாக வரும்போது கடன் பில்தான் அதிகம் போகும். ஒரே தறிக்காரரின் புடவையில் நாலு ரொக்கத்துக்கும் மூன்று கடனுக்கும் போயிருக்கும். கணக்கின் சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆரணியில் எனக்குச் சரக்கு தரும் ஒரு தறிக்காரப் பெண் ஆரம்பத்திலேயே சொன்னார்: "அக்கா, புடவை போச்சான்னு ஒண்ணு, காசு வந்துச்சான்னு ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா சொல்லிடுங்க, போதும்." இதைவிடத் தெளிவாக எந்த அக்கவுண்ட்ஸ் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் அவர்கள் முன்னாலேயே பணம் போட்டிருக்கிறார்கள். புடவை போய்விட்டது என்று கேட்டதும் பணம் வரும் என்று நினைத்து நூலுக்குச் சொல்லிவிடுவார்கள். அதனால் நான் வைக்கும் கணக்கு இந்த இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். மூன்று முறையையும் இதை வைத்துத்தான் அளந்தேன்.

முதலில் கணக்கின் அடிப்படை. வந்து இறங்கிய சரக்கு என்னுடையது இல்லை. அதைக் கொள்முதலில் எழுதவே கூடாது. சரக்கு நோட்டில் எண்ணிக்கையாக மட்டும் ஏறும். விற்கும்போதுதான் பேரேட்டில் பதிவு. ரொக்கத்துக்கு விற்றால் ரொக்கக் கணக்கில் பற்று, தறிக்காரர் கணக்கில் வரவு. கடனுக்கு விற்றால் வாடிக்கையாளர் கணக்கில் பற்று, தறிக்காரர் கணக்கில் வரவு. பார்சல் கூலி, கமிஷன், அனுப்பிய பணம் மூன்றும் தறிக்காரர் கணக்கில் பற்று. மாதக் கடைசியில் மீதி நிற்பதுதான் நான் அவருக்குத் தர வேண்டியது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்கு சுலபமாக இருக்க வரியை விட்டுவிடுகிறேன். 6,000 ரூபாய் விலையில் 20 புடவை வருகிறது. 8 ரொக்கத்துக்குப் போகிறது, 48,000. 5 கடனுக்குப் போகிறது, 30,000. மொத்த விற்பனை 78,000. கமிஷன் 10 சதவீதம், 7,800. கடன் வசூலாகாவிட்டாலும் நானே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டால் கடன் விற்பனைக்கு மேற்கொண்டு 3 சதவீதம், 900. பி.காம். பாடத்தில் இதற்கு டெல் கிரெடர் கமிஷன் என்று பெயர். எங்களுக்குள் பொறுப்புக் கமிஷன். பார்சல் கூலி 400. எல்லாம் போக அவருக்குச் சேர வேண்டியது 68,900. வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும் பேசிய தேதியில் நான் கொடுத்தாக வேண்டும். ஒருவர் 2,000 பாக்கி வைத்து ஊரைவிட்டே போய்விட்டால் அது என் நஷ்டம்.

பொறுப்புக் கமிஷன் பேசாவிட்டால் கதை வேறு. அப்போது கடன் பாக்கி தறிக்காரருக்குச் சேர வேண்டியது. வசூலித்துத் தருவது மட்டும்தான் என் வேலை. ரொக்கமாக வந்த 48,000-இல் கமிஷன் 4,800, கூலி 400 போக 42,800 உடனே அனுப்பிவிடலாம். கடன் 30,000 வரவர 10 சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்ப வேண்டும். வராமல் போன பாக்கி அவர் கணக்கில் பற்று எழுதப்படும். இரண்டு முறைக்கும் கையில் கிடைப்பதில் வித்தியாசம் 900 ரூபாய்தான். ஆனால் நஷ்டம் யார் தலையில் என்பது அந்த 900-இல்தான் இருக்கிறது. சரக்கை இறக்கும் முன் இதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் சண்டை பாக்கி வராத மாதத்தில் வரும், அதுவும் உறவு கெடும் அளவுக்கு வரும்.

இனி கருவிகள்.

நோட்டை நான் இன்றைக்கும் விடவில்லை. தறிக்காரர் ஒருவருக்கு ஒரு நீள நோட்டு. இடது பக்கம் வந்த சரக்கு, வலது பக்கம் போன சரக்கு. ஒவ்வொரு புடவையிலும் ஒரு சீட்டு: ஆரணிக்கு 'ஆ', குடியாத்தத்துக்கு 'கு', என் சொந்தச் சரக்குக்கு 'சொ', அதோடு லாட் எண், புடவை எண், குறைந்தபட்ச விலை. விற்றதும் சீட்டின் பாதியைக் கிழித்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் 'ரொ' அல்லது 'க' என்று போட்டுவிடுவோம். தறிக்காரர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். கம்ப்யூட்டர் தாளை விட இதைத்தான் அவர்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை நியாயமானதும்கூட. புடவை போச்சா என்பதற்கு நோட்டு நூற்றுக்கு நூறு. காசு வந்துச்சா என்பதற்குத் திணறும். ஒரு வாடிக்கையாளர் நாலு தவணையாகக் கட்டும்போது நாலு இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்து, கடன் வசூலுக்கென்று வரும் ஓர் இலவச மொபைல் ஆப். பெயர் வேண்டாம். பாக்கிக்காரருக்குத் தானாக நினைவூட்டல் போவது நல்ல வசதி, வசூலும் கொஞ்சம் சுறுசுறுப்பானது. ஆனால் அது வாடிக்கையாளர் பெயரில் ஒரே ஒரு மொத்தப் பாக்கியைத்தான் காட்டியது. அந்தப் பாக்கி யார் சரக்குக்கானது என்று சொல்ல அதில் வழியே இல்லை. சொந்தச் சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்குச் சரி. கமிஷன் சரக்குக்கு ஆகாது.

டேலிக்கு வந்த பிறகுதான் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தது. பெங்களூரில் 1986-இல் தொடங்கிய நிறுவனம். இப்போது நாம் பார்க்கும் டேலி பிரைம் 2020-இல் வந்தது. எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் இது தெரிந்த ஒரு பிள்ளை இருப்பதால் உதவிக்கு அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு தறிக்காரருக்கும் ஒரு குடோன் திறந்து, அது வெளியார் சரக்கு என்று குறித்துவிட்டேன். கடையில் எல்லாம் ஒரே பீரோவில்தான் இருக்கிறது. கணக்கில் மட்டும் தனித்தனி அறை. விற்பனை வவுச்சரை (பதிவுச் சீட்டை) ரொக்கம் ஒன்று, கடன் ஒன்று என இரண்டாகப் பிரித்தேன். ஒவ்வொருவர் சரக்குக்கும் தனி விற்பனை லெட்ஜர், அதாவது பேரேட்டுக் கணக்கு. மாதக் கடைசியில் எஃப்7 விசையை அழுத்தி ஜர்னல் (ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பதிவு) போட்டு, விற்பனை லெட்ஜரில் இருப்பதைத் தறிக்காரர் கணக்குக்கும் என் கமிஷனுக்கும் பிரித்துவிடுவோம்.

இதில் தூக்கி நிறுத்துவது பில்-வைஸ் கணக்குதான். வாடிக்கையாளர் பணம் கட்டும்போது எந்த பில்லுக்கு என்று டேலி கேட்கும். அதற்கேற்ப நான் ஒரு விதி வைத்தேன்: ஒரு பில்லில் ஒரே ஒருவர் சரக்கு. ஒரு நர்ஸ் 6,000 ரூபாய்க்கு ஆரணிப் பட்டும், வீட்டுக்காரருக்கு 350 ரூபாய் லுங்கி நாலும் எடுத்தால் இரண்டு பில்: 'ஆ' வரிசையில் 6,000, 'கு' வரிசையில் 1,400. சம்பளத் தேதியில் 2,000 கொண்டுவந்து தருகிறார். எதற்கு என்று அவரிடமே கேட்போம். "ஏதோ ஒண்ணுல வச்சுக்கோங்கக்கா" என்றால், ஒரே நாள் பில்களில் சின்னதை முதலில் முடிப்போம். லுங்கிக்கு 1,400, பட்டுக்கு 600. இந்த வரிசையைச் சரக்கு தருகிற எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். அன்று சாயங்காலமே ஆரணிக்காரர் கணக்கில் வசூல் 600, பாக்கி 5,400 என்று தெரிந்துவிடும். எத்தனை நாள் பாக்கி என்பதும் கூடவே வரும்.

கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அவசரத்தில் கடைப் பெண்கள் ரசீதை 'ஆன் அக்கவுண்ட்' என்று போட்டுவிடுவார்கள். வாடிக்கையாளர் பாக்கி குறையும். ஆனால் அந்தப் பணம் எந்த பில்லிலும் சேராது, எனவே எந்தத் தறிக்காரருக்கும் சேராது. ராத்திரி கடை சாத்தும் முன் ஆன் அக்கவுண்டில் ஒரு ரூபாய்கூட நிற்கக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம்.

தள்ளுபடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் குறைக்காமல் விற்க முடியாது. யார் பங்கிலிருந்து குறைப்பது? சீட்டில் இருக்கும் குறைந்தபட்ச விலை வரைக்கும் நான் இறங்கலாம். அதற்குக் கீழே போனால் தறிக்காரரைக் கேட்க வேண்டும். கேட்காமல் இறங்கினால் அந்த வித்தியாசம் என் கமிஷனில் பிடிக்கப்படும். பில்லில் தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்டுவதால் பிறகு பேச்சே எழுவதில்லை.

ஜிஎஸ்டி பக்கம் கொஞ்சம் உஷாராக இருங்கள். என் கடைப் பெயரில் பில் போட்டால் விற்ற முழுத் தொகையும் என் விற்றுமுதலில் (டர்ன்ஓவரில்) சேரும், கமிஷன் மட்டும் சேர்ந்தால் போதும் என்று இல்லை. பிறருக்காக விற்றுக் கொடுப்பதையும் மொத்த விற்றுமுதலில் சேர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் என் வருமானம் 8,700, ரிட்டர்னில் காட்டுவது 78,000. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கும் ஒரு தாளை வருஷக் கடைசியில் தயாராக வைத்திருக்கிறேன். பில் யார் பெயரில் போகிறது என்பதை வைத்துத்தான் ஏஜெண்டா இல்லையா என்று முடிவாகும் என 2018 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை விளக்கியது. சரக்கு தருகிறவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், அவர் சரக்கை உங்களுக்கு அனுப்புவதே சப்ளையாகக் கணக்காகும். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம் என்ற பேச்சில் வந்த சரக்குக்குப் பில் போட ஆறு மாதக் கெடுவும் இருக்கிறது. உங்கள் ஏற்பாடு இதில் எது என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து தீர்த்துக்கொள்வது நல்லது.

சரக்கு தருகிறவர் இரண்டு மூன்று பேர்தான், கடனும் கொஞ்சம்தான் என்றால் நோட்டே போதும், மென்பொருளுக்குச் செலவு செய்ய வேண்டாம். கடன் பில் நிறையப் போகிறது, தவணையாக வருகிறது என்றால் டேலி மாதிரி பில்வாரியாகப் பிரிக்கும் ஏதாவது ஒன்று இல்லாமல் முடியாது. நான் தறிக்காரருக்கு மாதாமாதம் அனுப்பும் தாளில் வந்தது, ரொக்கத்துக்குப் போனது, கடனுக்குப் போனது, கடனில் வசூலானது, கையிருப்பு, பிடித்தம், அனுப்பும் தொகை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போய்விடும். கையிருப்பு எண்ணிக்கையை அவர்கள் எப்போது வந்தாலும் பீரோவைத் திறந்து சரிபார்க்கலாம்.

இன்னொன்று, இன்சூரன்ஸ். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோதுதான் பாலிசித் தாளை வரிவரியாகப் படித்தேன். பிறர் பொருளை நம்பிக்கையின் பேரிலோ கமிஷனுக்கோ வைத்திருந்தால், அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய வழக்கமான தீ விபத்து பாலிசியில் அதற்கு ஈடு கிடைக்காது. அந்த உதாரணத்தில் விற்காமல் கடையில் இருக்கும் 7 புடவை, 42,000 ரூபாய், என் சொத்துக் கணக்கில் வராது. ஆனால் நனைந்தாலோ எரிந்தாலோ தறிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான். ஏஜெண்டிடம் சொல்லி, கமிஷனுக்கு வைத்திருக்கும் பிறர் சரக்கும் சேரும் என்று பாலிசியிலேயே எழுதி வாங்கினேன். எவ்வளவு மதிப்புக்கு எழுதுவது என்பதற்கு டேலியின் குடோன்வாரி இருப்புத் தாளையே கொடுத்தேன். புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளைப் புதிதாக எடுத்துக் கொடுத்து வருகிறேன்.