கூகுள் ஷீட்ஸில் தொழில் கணக்கு: சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு

பழுதுபார்ப்பு, உதிரிபாக விற்பனை என்று ஓடும் சிறிய தொழில் எங்களுடையது. விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள். தொழில் எப்படிப் போகிறது என்று கண்காணிக்கச் சில ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாகக் கணக்கு எழுத உதவும் கூகுள் ஷீட்ஸையும், நிரப்பும் பதில்களை அதில் கொண்டுசேர்க்கும் கேள்விப் படிவமான கூகுள் ஃபார்ம்ஸையும் பயன்படுத்தி வருகிறேன். இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை முதல் வாரத்து உற்சாகத்தில் எழுதப்படுபவை. ஒரு ஷீட் உழைக்குமா என்பது வேலை நெருக்கும் மாதத்திலும், ஆள் மாறும்போதும், போன வருடத்துக் கணக்கைத் தேடி எடுக்க வேண்டி வரும்போதும்தான் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறிய தொழிலுக்கு இது போதும், தாராளமாகப் போதும். எதையும் வாங்குவதற்கு முன் இதில் ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் பதிவு ஒழுங்காக உள்ளே வராவிட்டால் எண்களைத் தொகுத்துக் காட்டும் டேஷ்போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண். அதனால் பதிவிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலை முடிந்த இடத்திலேயே, முடிந்த கையோடு பதிய முடிந்தால்தான் கணக்கு நிற்கும். மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் சில்லறை வேலைகள் எல்லாம் காணாமல் போய்விடும். எங்களுடைய ஃபார்மில் இருப்பவை இவ்வளவுதான்: வேலை வகை, வாடிக்கையாளர், முடித்துத் தருவதாகச் சொன்ன தேதி, போட்ட பாகத்தின் விலை, பில் தொகை, கையில் வந்த தொகை. வேலை வகை டிராப்டவுனில் இருக்கிறது, யாரும் தட்டெழுத வேண்டியதில்லை. ஃபார்மின் இணைப்பு எல்லோருடைய போனிலும் முகப்புத் திரையில் ஐகானாக இருக்கிறது. நின்றுகொண்டே ஒரு கையால் நிரப்பிவிடலாம். ஏழாவது, எட்டாவது கேள்வி சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் பத்து நாளில் ஆட்கள் எதையாவது போட்டு நிரப்பத் தொடங்குவார்கள். கேள்வியைக் குறைவாக வைப்பதில் பிடிவாதமாக இருங்கள்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கேட்டான், "அண்ணே, திருகு முடுக்கிக் கொடுத்ததுக்குக்கூடப் போடணுமா?" "போடுப்பா, அதுதான் நம்ம நேரத்தை எல்லாம் தின்னுது, எவ்வளவுன்னு தெரியணும்" என்றேன். பதிந்து பார்த்ததில் அந்தச் சின்ன வேலைகள் எண்ணிக்கையில் மிக அதிகம், வரவில் மிகக் குறைவு என்று பளிச்சென்று தெரிந்தது. அவற்றுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று வைத்தோம். பதிவு இல்லாமல் இருந்திருந்தால் அந்த முடிவை எடுக்கத் துணிச்சல் வந்திருக்காது.

ஃபார்மை நிரப்புகிறவருக்கு ஷீட்டைப் பார்க்கும் அனுமதி தேவையே இல்லை என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பதிவு எல்லோரும் போடலாம், மொத்தக் கணக்கு உரிமையாளர் கண்ணுக்கு மட்டும். அப்புறம், ஃபார்மிலிருந்து பதில்கள் வந்து விழும் தாளில் எந்த ஃபார்முலாவும் போடாதீர்கள். ஒவ்வொரு புதுப் பதிலும் ஒரு புது வரிசையாக நுழைவதால் பக்கத்தில் போட்ட ஃபார்முலாக்கள் கீழே தள்ளப்பட்டுவிடும். கணக்கெல்லாம் வேறொரு தாளில் இருக்கட்டும்.

குறை என்றால், ஃபார்முக்கு இணையம் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டு பிறகுதான் ஏற்ற முடியும். ஃபார்ம் தானாகப் போடும் நேரமுத்திரை ஏற்றிய நேரத்தைத்தான் காட்டும், வேலை நடந்த நேரத்தை அல்ல. அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தால் வேலை முடிந்த தேதிக்கு என்று ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். பிடிவாதத்துக்கு அது ஒன்றே விலக்கு.

தேதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சத்தமில்லாமல் கணக்கைக் கெடுக்கும். வங்கியிலிருந்து இறக்கிய கணக்கு அறிக்கையை ஷீட்டில் ஒட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் தேதி நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருக்கிறது. ஷீட்டின் அமைப்போ அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. ஏப்ரல் 3 என்று நீங்கள் நினைக்கும் 03/04 அங்கே மார்ச் 4 ஆகிவிடும். 25/04 என்பதற்கு 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். மாத வாரியாகக் கூட்டும் ஃபார்முலா அந்த வரிசைகளை எல்லாம் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தொகை மட்டும் குறையும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: தேதியாகப் புரிந்துகொள்ளப்பட்டவை செல்லில், அதாவது கட்டத்தில், வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்பவை இடப்பக்கம். கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் லொகேல் என்ற இடத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. ஆனால் ஒட்டுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் ஏற்கெனவே தப்பாக விழுந்தவை அப்படியேதான் இருக்கும்.

போன் எண், பாகத்தின் வரிசை எண் இவற்றிலும் இதே தொல்லை. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை ஷீட் விழுங்கிவிடும். மைக்ரோசாஃப்டின் இதே மாதிரிக் கருவியான எக்செலில் 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைப் போட்டால் மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அந்த நெடுக்குப் பத்திகளை முதலிலேயே ப்ளெயின் டெக்ஸ்ட் (வெறும் எழுத்து) என்று மாற்றி வையுங்கள். விஞ்ஞானிகளையே இது ஆட்டிப்படைத்திருக்கிறது: மார்ச், செப்டம்பர் என்ற மாதப் பெயர்களை ஒத்த குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் சில மனித மரபணுக்களின் குறியீட்டையே மாற்றி வைத்தார்கள்.

"ஷீட் எத்தனை வரிசை தாங்கும்?" என்று பலர் கவலைப்படுகிறார்கள். கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்புக்கு 1 கோடி செல் வரை இடம் உண்டு. நாளொன்றுக்கு 50 பதிவு, ஒவ்வொன்றிலும் 12 பத்தி என்றால் வருடத்துக்கு 2,19,000 செல். அந்த வேகத்தில் நிரம்ப 45 வருடம் ஆகும். எக்செலில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசை. பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் மட்டும் 65,536-தான். 2020-இல் இங்கிலாந்தில் அந்தப் பழைய வகைக் கோப்பைப் பயன்படுத்தியதால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுப் பதிவுகள் விடுபட்டுப்போன செய்தி பலருக்கு நினைவிருக்கும். இன்னும் அந்த வகைக் கோப்பை வைத்திருப்பவர்கள் உடனே எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்துவிடுங்கள்.

நடைமுறையில் இடம் தீர்வதற்கு முன்பே வேகம் குறைந்துவிடும். இன்றைய தேதியைத் தரும் ஃபார்முலாவை ஆயிரக்கணக்கான செல்களில் போட்டால் ஒவ்வொரு முறை கோப்பு திறக்கும்போதும் அத்தனையும் மறுபடி கணக்கிடப்படும். அதை ஒரே ஒரு செல்லில் போட்டு மற்றவை எல்லாம் அந்தச் செல்லைப் பார்க்கும்படி வைத்தாலே ஷீட் சுறுசுறுப்பாகிவிடும்.

சரி, எந்த எண்களைப் பார்ப்பது? என் அளவுகோல் இது: ஒரு எண் ஏறினாலோ இறங்கினாலோ நான் எதையாவது மாற்றிச் செய்வேன் என்றால் அதைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் பதிவதே இல்லை. கடையின் இணையப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கும், அதைக் கொண்டு நான் எடுத்த முடிவு ஒன்றுமில்லை. விலைக்குறிப்பு கொடுத்தவர்களில் எத்தனை பேர் வேலையைத் தந்தார்கள் என்பது வேறு விஷயம். அது சரிந்தால் விலையையோ பதில் சொல்லும் வேகத்தையோ உடனே பார்க்க வேண்டியிருக்கிறது.

லாப விகிதத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 100-க்கு வாங்கியதை 125-க்கு விற்றால் வாங்கிய விலையின் மேல் 25 சதவீதம், விற்ற விலையில் 20 சதவீதம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துத் தள்ளுபடி கொடுக்கும்போதுதான் கை சுடும். அந்த 125-இல் 10 சதவீதம் தள்ளினால் விலை 112.50, லாபம் 12.50. தள்ளுபடி பத்து சதவீதம்தான், ஆனால் லாபத்தில் சரிபாதி போய்விட்டது. பில் போடும் இடத்திலேயே இந்தக் கணக்கு தெரியும்படி ஷீட்டில் ஒரு சின்னக் கட்டம் வைத்திருக்கிறேன். தள்ளுபடி விகிதத்தைப் போட்டால் மிஞ்சும் லாபத்தைக் காட்டும். தள்ளுபடி கேட்கிறவரிடம் நிதானமாகப் பேச அது பெரிய துணை.

அடுத்தது பாக்கி. விற்பனை ஏறுகிறது, கையில் காசு இல்லை என்ற நிலை எந்தச் சிறு தொழிலுக்கும் வரக்கூடியது. ஒரு காலாண்டில் கடனுக்கு விற்றது 900, காலாண்டு முடிவில் வராமல் நிற்பது 400 என்றால், 400-ஐ 900-ஆல் வகுத்து, காலாண்டின் நாள்களான 90-ஆல் பெருக்குங்கள். 40 வரும். சராசரியாக 40 நாள் கழித்துத்தான் உங்கள் பணம் உங்களிடம் வருகிறது என்று அர்த்தம். உங்களுக்குச் சரக்கு கொடுத்தவருக்கு நீங்கள் 30 நாளில் கட்ட வேண்டும் என்றால், நடுவில் உள்ள அந்தப் பத்து நாளை உங்கள் சொந்தக் காசுதான் தாங்குகிறது. மொத்த பாக்கியை மட்டும் பார்த்தால் போதாது, அதன் வயதையும் பார்க்க வேண்டும். 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டியவற்றுக்குத் தனித்தனி நிறம் வரும்படி நிபந்தனை வடிவமைப்பு போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு யார் யாருக்குப் போன் போடுவது என்று முடிவு செய்கிறேன். வேறெதையும் திறக்காவிட்டாலும் இதைத் திறப்பேன். இத்தனை காலத்தில் ஷீட் எனக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இதுதான்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது அதே தேதியை எடுக்காதீர்கள். இந்த வருடம் சனிக்கிழமையாக இருக்கும் தேதி போன வருடம் வெள்ளியாகவோ வியாழனாகவோ இருந்திருக்கும். தேதியிலிருந்து 364-ஐக் கழியுங்கள், சரியாக 52 வாரம், கிழமை மாறாது. கிழமைக்குக் கிழமை வியாபாரம் மாறும் தொழில்களில் இது எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பதை ஒரு முறை செய்து பார்த்தாலே புரிந்துவிடும்.

ஆட்களின் வேலையை எண்ணால் அளப்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஓர் அளவை இலக்காக்கினால் அது நல்ல அளவாக நீடிக்காது என்று சொல்லும் விதிக்குப் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயர் வழங்குகிறது. முடித்த வேலைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஊக்கத்தொகை என்று அறிவித்தால் எல்லோரும் சுலபமான வேலையைத்தான் முதலில் எடுப்பார்கள், கடினமானவை மூலையில் கிடக்கும். ஆகவே முடித்த எண்ணிக்கையோடு, சரியாகாமல் திரும்பி வந்த வேலைகளின் விகிதத்தையும் சேர்த்தே பார்க்கிறோம். அந்த எண்ணை வைத்து யாரையும் திட்டுவதில்லை என்பதும் எங்கள் வழக்கம். திட்டத் தொடங்கினால் மறுநாளே பதிவில் உண்மை இருக்காது.

பாதுகாப்புக்கு வருவோம். கோப்பு தொழிலின் பெயரில் உள்ள கணக்கில் இருக்க வேண்டும், வேலை செய்கிறவரின் சொந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. அந்தக் கணக்குக்கு இரு படிச் சரிபார்ப்பு கட்டாயம். நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும், பிறகு போனது போனதுதான். யாராவது பழைய தொகையை மாற்றினால், கோப்பின் பழைய நிலைகளைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம், ஒரு செல்லை மட்டும் யார் எப்போது மாற்றினார்கள் என்றும் பார்க்கலாம். முடிந்த மாதத்தின் தாளைப் பூட்டி வைப்பது இன்னும் நிம்மதி. மாதம் ஒரு முறை முழுக் கோப்பையும் இறக்கி வேறிடத்தில் வையுங்கள். இணையப் பக்கத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டிய கூகுளின் பழைய சேவையான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தியது, அடுத்த ஆண்டு ஜூலையில் பழைய தரவைப் பார்க்கும் வசதியும் போனது. இறக்கி வைத்தவர்களிடம் மட்டும்தான் அந்தப் பழைய எண்கள் இப்போது இருக்கின்றன.

ஷீட்டால் முடியாதவையும் உண்டு. ஒரே பில்லுக்குத் தவணை தவணையாகப் பணம் வருவது, விற்றவுடன் இருப்பு தானாகக் குறைவது, வரிக் கணக்குத் தாக்கல் இவையெல்லாம் வந்துவிட்டால் கணக்கியல் மென்பொருளுக்குப் போவதே நல்லது. அது ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் ஓடுகிறது, பற்றும் வரவும் சமமாகாவிட்டால் பதிவை ஏற்காது. 1494-லேயே இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சியோலி அச்சில் விளக்கிய முறை அது. ஷீட்டுக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது, நீங்கள் போட்டதை அப்படியே நம்பும்.

மாறும்போது ஒரு நிதியாண்டின் தொடக்கத்தில் மாறுங்கள். முதல் மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டி, மாதக் கடைசியில் வங்கி இருப்பு, மொத்த பாக்கி, சரக்கு மதிப்பு மூன்றும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் பில்லும் பாக்கியும் மென்பொருளுக்குப் போகட்டும். சொன்ன தேதிக்கு முடிந்ததா, திரும்பி வந்ததா, விலைக்குறிப்பு கேட்டவர் வேலை தந்தாரா என்ற பதிவுகளைக் கணக்கியல் மென்பொருள்கள் பொதுவாகக் கேட்பதில்லை. அவற்றுக்கு ஃபார்மும் ஷீட்டும் தொடரட்டும்.